ஃபோனைப் படுக்க வைப்பவர்

ஃபோன் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. அதை நிற்க வைத்துப் பிடிப்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தவிப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், சௌக்கியமாக இருக்கிறார்கள். நாம் பார்க்கப்போவது இரண்டாவது வகையை. நீங்கள் தெருவிலோ மொட்டைமாடியிலோ நின்று உங்கள் பாட்டுக்கு எதையோ வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, தோளுக்கு மேலே ஒரு கழுத்து நீளும், காதோரம் ஒரு பெருமூச்சு கேட்கும், பிறகு, "படுக்கவாட்டுல புடிங்க" என்று ஒரு குரல் வரும். அதுதான் அந்த ஜீவன்.

உதாரணத்துக்கு ஒருவரைப் பிடித்துக்கொள்வோம். அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் அளவெடுப்பவர். முதுகுக்குப் பின்னால் 'படுக்கவாட்டார்', முகத்துக்கு நேரே 'அண்ணே'. அகலத்தை முதலில் எழுதி உயரத்தை அப்புறம் எழுதியே முப்பது வருஷம் பழகிய கை. மனுஷனுக்குக் கண் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே தவிர, நெற்றியில் ஒன்றும் தாடையில் ஒன்றுமாக இல்லை. டிவி படுத்திருக்கிறது, சினிமாத் திரை படுத்திருக்கிறது, ஜன்னல் படுத்திருக்கிறது. ஃபோன் மட்டும் என்ன பெரிய துரையா, விறைத்துக்கொண்டு நிற்பதற்கு? இதுதான் அவருடைய சித்தாந்தம். "கதவு நிக்குதே?" என்று ஒரு நாள் மனைவி கேட்டார். "கதவு நடக்கிறவனுக்கு, ஜன்னல் பாக்கிறவனுக்கு" என்று உடனே பதில் வந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று பல மாதமாகத் தயாராக வைத்திருந்த பதில் அது.

மச்சினி தன் குழந்தைக்கு முதல் பல் முளைத்ததைக் குடும்பக் குழுவில் அனுப்பினால், எல்லோரும் பல்லைப் பார்ப்பார்கள். இவர் பல்லுக்கு இரண்டு பக்கமும் உள்ள கறுப்புப் பட்டையைப் பார்ப்பார். 'இடம் வீணாகுதே' என்று பதில் போடுவார். வீடியோ காலில் பேசினால் அவரோடு பீரோவும், பீரோ மேல் இருக்கும் பெட்டியும், பெட்டிக்குப் பக்கத்துச் சுவரும் சேர்ந்து பேசும். அவருக்கு இருக்கும் ஒரே விரோதி அவருடைய கட்டில்தான். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஃபோனைத் தன் கண்ணுக்கு நேராகப் படுக்க வைப்பார். அது என்னவோ தன்னை எழுப்பி நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு படத்தைத் திருப்பிவிடும். இவர் புரள்வார், படமும் புரளும். கடைசியில் இருவரும் களைத்துத் தூங்கிப்போவார்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? பட்டறை முதலாளியைக் கேளுங்கள். ஆண்டு விழாவில் அவர் கண்ணாடி அறுக்கும் மேஜைக்கு முன்னால் நின்று, உழைப்பின் உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் கணக்கர் அதை வீடியோ எடுத்தார், எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. "படுக்க வைங்க, சீக்கிரம் படுக்க வைங்க" என்று நம்மவர் பதறினார். முன்வரிசையில் இருந்த வெல்டர்கள் இருவரும், முதலாளிக்குத்தான் மயக்கம் வருகிறதாக்கும் என்று பாய்ந்துபோய், ஆளுக்கொரு பக்கம் தூக்கி மேஜைமேல் கிடத்திவிட்டார்கள். உழைப்பின் உயர்வு பாதியில் நின்றது. நம்மவர் அதற்கும் வருத்தப்படவில்லை. கணக்கர் இப்போது ஃபோனைச் சரியாகப் பிடித்திருந்தார். முதலாளியும் ஃபிரேமுக்குள் தலைமுதல் கால்வரை கச்சிதமாக அடங்கியிருந்தார்.

ஆனால் நீச்சல்குளத்தில் அப்படி முடியவில்லை.

அவருடைய மனைவி தையல்கடை வைத்திருப்பவர். வாளித் தண்ணீரையே எட்டி நின்று எடுக்கும் சுபாவம். நாற்பத்தெட்டாவது வயதில் என்ன தோன்றியதோ, நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். எட்டு மாதம் அழுது, இருமி, மூக்கில் தண்ணீர் ஏறி, கடைசியில் நீந்தினார். உயரப் பலகையிலிருந்து ஒருமுறை குதித்துவிட்டால் பயிற்சி முடிந்தது. கையை உடம்போடு ஒட்டிக் குச்சியாட்டம் நேராக இறங்க வேண்டும் என்று பயிற்சியாளர் பெண் நூறு தடவை சொல்லியிருந்தார்.

"ஒரு தடவைதான் குதிப்பேன். மறுபடி எனக்குத் தைரியம் வராது. ஒழுங்கா எடுத்துடுங்க" என்று கணவரிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் ஏணியில் ஏறினார்.

நம்மவர் ஃபோனைப் படுக்க வைத்தார். பலகை தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. கீழே சாய்த்தார். தண்ணீர் தெரிந்தது, பலகையைக் காணோம். பின்னால் நகர்ந்தார், சுவர் முதுகைத் தொட்டது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? அதை அவர் செய்யவில்லை. விழும்போது கூடவே ஃபோனையும் இறக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அது நடந்திருக்கவும் கூடும், பக்கத்தில் ஒரு பெண் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால். கூட நீச்சல் பழகும் வேறொருத்தியின் அக்கா. அவரும் ஒரு ஆசைக்கு வீடியோ எடுத்தார், ஃபோனைச் செங்குத்தாக நிறுத்தி.

மனைவி பலகையின் நுனிக்கு வந்தார். கால்விரல்கள் வெளியே நீண்டன. நம்மவர் மனைவியைப் பார்த்தார், பக்கத்து ஃபோனைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். முடியவில்லை. அந்தம்மாவின் கால் பலகையை விட்ட அதே நொடியில் இவர் பக்கவாட்டில் திரும்பி, "படுக்கவாட்டுல, படுக்கவாட்டுல!" என்று கத்தினார். கூரை போட்ட குளம். குரல் நாலு சுவரிலும் மோதி மேலே போனது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கணவர் சொன்னதை அந்த அம்மாள் உடனே கேட்டது அதுதான் முதல் தடவை. காற்றிலேயே கையைக் காலை விரித்துப் படுத்துவிட்டார்.

பளார் என்று ஒரு சத்தம். தண்ணீர் எழும்பி நம்மவரின் செருப்பு வரைக்கும் வந்தது.

சிவந்துபோன வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நின்ற மனைவி முதலில் கணவரின் வீடியோவைப் பார்த்தார். அதில் பக்கத்துப் பெண்ணின் முழங்கை இருந்தது. அகலமாக, தெளிவாக, ஓரத்தில் கறுப்புப் பட்டை எதுவும் இல்லாமல் இருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் வீடியோவைப் பார்த்தார். அதில் பலகை முதல் தண்ணீர் வரை எல்லாம் இருந்தது, கணவரின் குரல் உட்பட.

"நான் உன்கிட்ட சொல்லல. இவங்ககிட்டதான் சொன்னேன்" என்றார் நம்மவர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. எட்டு மாதமாகத் துளித்துளியாகச் சேர்த்த தைரியத்தை ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாளுக்குப் பயமெல்லாம் போயிருந்தது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது.

"மறுபடி ஏறப் போறேன். ஃபோனை நிக்க வைங்க. வாயைப் படுக்க வைங்க."

ஏறினார். நம்மவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஃபோனை நிறுத்திப் பிடித்தார். மேலே பலகை, கீழே தண்ணீர், நடுவில் மனைவி. எதுவும் விட்டுப்போகவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டார். குச்சியாட்டம் நேராக இறங்கிய மனைவி, தண்ணீருக்குள் போய், சிரித்துக்கொண்டே மேலே வந்தார். நம்மவர் ஃபோனை ஆட்டாமல் அழுதார்.

ஆக, திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். அந்த வகை திருந்துமா?

மறுநாள் பட்டறையில் வீடியோவைக் காட்டினார். அண்ணனுக்குப் பிடிக்குமே என்று கணக்கர் ஃபோனை மரியாதையாகப் படுக்க வைத்துப் பார்த்தார். நம்மவர் வெடுக்கென்று பிடுங்கினார். மரம் நிற்கிறது, மனுஷன் நிற்கிறான், கதவு நிற்கிறது, ஃபோனுக்கு மட்டும் என்ன படுக்கை வேண்டிக்கிடக்கிறது என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். அடுத்த வாரம் பட்டறை வாசலில் குரூப் ஃபோட்டோ. நாற்பது பேர் ஒரே வரிசை, நடுவில் நாற்காலியில் முதலாளி. கணக்கர் ஃபோனைப் படுக்க வைத்த மறுகணம், "நிக்க வைங்க, நிக்க வைங்க" என்று வரிசையிலிருந்து குரல் வந்தது. வெல்டர்கள் இருவரும் பாய்ந்து முதலாளியைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். படத்தில் விழுந்தது ஏழு பேரும் ஏராளமான வானமும்தான்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த முழங்கைப் பெண்ணின் கதையைப் படிக்கும்போது, அவர் ஃபோனைப் பிடித்த விதம் சரியா தப்பா என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதினீர்களே, அதை எந்தப் பக்கம் எழுதியிருந்தாலும் சரி, கழுத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். நீள ஆரம்பித்திருக்கும்.