மிஷினுக்கும் பாடு உண்டு

கூச்சப்படுகிறவர்களுக்குக் கோபம் வராது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு. எங்களுக்குத்தான் அதிகம் வரும். வாய் விட்டுத் திட்டுகிறவர்களுக்குக் கோபம் அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும். எங்களுக்கு அது உள்ளேயே கிடந்து உப்புக்கண்டம் மாதிரி இறுகும். அப்படி வருஷக்கணக்காக இறுகிக் கிடந்தது ஒரு நாள் வெளியே வந்தது. வந்த இடம்தான் சரியில்லை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம் என் அண்ணி. அவள் இந்தக் கதையைச் சுண்ணாம்புக்குளம் ஊர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அவள் சொல்கிற கதையில் கம்ப்யூட்டர் தீப்பிடித்து எரிகிறது, என் வீட்டுக்காரர் குடத்தில் ஏரித் தண்ணீரை மொண்டுவந்து ஊற்றுகிறார். தீயும் பிடிக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. நடந்தது அதைவிடக் கேவலம். (கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. காகிதத்தில் வரும்.)

என் மகள் கௌரி கம்ப்யூட்டர் படித்தவள். மீஞ்சூரில் ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருட்டில் போவாள், இருட்டில் வருவாள். ரயிலிலேயே தூங்கி, ரயிலிலேயே தலைவாரி, பெண் காய்ந்த கருவாடாகிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வேலை வந்தது. ஆனால் அந்தக் கம்பெனி வைத்த பரீட்சை இருக்கிறதே, அப்படி ஒரு பரீட்சையை நான் கேள்விப்பட்டதில்லை.

அவள் தன் மிஷினுக்குள் இன்னொரு மிஷினை உண்டாக்க வேண்டுமாம். பொய் மிஷின். கையால் தொட முடியாது, ஆனால் அது தன்னை நிஜம் என்றே நினைத்துக்கொண்டிருக்குமாம். (எங்கள் சொந்தத்திலும் அப்படிச் சிலர் உண்டு.) அந்தப் பொய் மிஷினிடம் நிஜமான கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்து, ஒரு பெரிய படத்தை நிற்காமல் சுற்றவிட்டு, கம்பெனிக்காரருக்கு போன் வீடியோவில் காட்ட வேண்டும். படம் நடுவில் நின்றால் வேலை இல்லை. மறுபடியும் மீஞ்சூர் ரயில்தான்.

"கார்டுன்னா இன்னாடி?" என்று கேட்டேன்.

"படம் காட்றதுமா. நம்மகிட்ட ஒண்ணுதான் கீது. வெளி மிஷின் அத்த உட்டாத்தான் உள்ள கீற மிஷின் எடுத்துக்க முடியும். ரெண்டும் ஒரே நேரத்துல புடிச்சிக்க முடியாது."

வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "பாடு மாதிரினு சொல்லேன்."

"ஆமா நைனா. பாடேதான்."

எங்கள் ஏரிக்குப் பாடு உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. முறை இல்லாதவர் அந்தப் பக்கம் வலையோடு எட்டிப் பார்க்கக் கூடாது. அப்படிச் சொன்னதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரியாமலேயே இருந்திருக்கலாம். புரிந்ததால்தான் கோபம் வந்தது.

முதல் வாரம் முழுக்க வெளி மிஷின் கார்டை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. கௌரி வேலையிலிருந்து வந்து, சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதை எதையோ மாற்றி மாற்றித் தட்டிப் பார்ப்பாள். நான் அடுப்படியிலிருந்து அந்தப் பெட்டியை முறைத்துக்கொண்டிருப்பேன். முறை முடிந்தும் இடத்தை விடாதவனைக் கண்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் கொதிக்கும். அது மனுஷனாக இருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்தியிருக்கலாம்.

கடைசியில் வெளி மிஷின் எழுந்திருக்கும்போதே கார்டு அதன் கண்ணில் படாதபடி செய்துவிட்டாள். பிறகு இன்னொரு வம்பு. தான் போய்ச் சேர்ந்த இடம் பொய் மிஷின் என்று கார்டுக்குத் தெரிந்துபோய், அது வேலை செய்யாமல் முறுக்கிக்கொண்டது. அதையும் அதற்குத் தெரியாமல் மறைத்தாள். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டார் மறைப்பதைவிட நன்றாகவே மறைத்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரை முழுக்க இருட்டாகி, நான் போச்சு என்று நினைத்துத் தலையில் கை வைக்கும்போது, படம் பளிச்சென்று வந்து சுற்ற ஆரம்பித்தது. கௌரி அழுதுவிட்டாள்.

"நாள் பூரா ஓடட்டும்மா. தாங்குதான்னு பாக்கணும். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் ரயிலுக்குப் போனாள்.

தொடாதே என்றுதான் சொன்னாள். மேலே எதையும் வைக்காதே என்று சொல்லவில்லை.

ஐப்பசி அடைமழை. என் வீட்டுக்காரர் கொண்டுவந்த கூனி, அந்தப் பொடி இறால், காய்வதற்கு வழியில்லாமல் கூடையில் கிடந்து நாற ஆரம்பித்தது. பொன்னேரியிலிருந்து வருகிற வியாபாரி ஈரக் கூனியைக் கண்டால் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். ஈரத் தரை, ஈரச் சுவர், ஈர விறகு. வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் அனல் வந்துகொண்டிருந்தது. கௌரியின் பெட்டிக்கு மேல்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டைகள். அதன் வழியாகச் சித்திரை மாதக் காற்று கணகணவென்று வீசியது. யாருக்கும் பயனில்லாமல் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் பழைய புடவைத் துணியை விரித்து அதில் கூனியைப் பரப்பினேன். துணி அனலை அடைத்துக்கொண்டது. அதனால் துணியை எடுத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த பழைய வலைத்துண்டு ஒன்றை நாலாக மடித்து விரித்தேன். அனல் ஜம்மென்று மேலே வந்தது. கூனி வெயிலில் காய்ந்ததைவிட ஷோக்காகக் காய்ந்தது. கௌரி வருவதற்குள் வாரி எடுத்துவிடுவேன். ஒளிக்க வேண்டும் என்றில்லை. கூனி எங்கே காய்கிறது என்று எங்கள் வீட்டில் யார் யாரிடம் சொல்வார்கள்? வாசனையும் யாருக்கும் உறைக்கவில்லை. வீடே எப்போதும் அந்த வாசனைதான்.

வாரி எடுக்கும்போது அளவு குறைந்திருந்தது. காய்ந்தால் குறையத்தானே செய்யும் என்று நினைத்தேன். (எத்தனை வருஷம் கூனி காய வைத்தவள் நான். எவ்வளவு குறையும் என்று தெரியாதா? அன்றைக்கு என் மூளை எந்தச் சந்தைக்குப் போயிருந்ததோ.)

அந்த வாரத்திலிருந்துதான் வினை ஆரம்பித்தது. கௌரி வீட்டுக்கு வந்து பார்த்தால் திரை இருண்டு கிடக்கும்.

"மா, கரண்ட்டு போச்சா?"

"போவலியே."

"பின்ன ஏம்மா நின்னுடுச்சி? நல்லாத்தான ஓடிச்சி?"

மறுபடியும் கிளப்புவாள். கொஞ்ச நேரம் படம் சுற்றும். பிறகு இருட்டு. கார்டு வெளி மிஷினுக்கும் திரும்பி வராது, உள்ளேயும் இருக்காது. ஏரியில் விழுந்த மோதிரம் மாதிரி எங்கே போயிற்று என்றே தெரியாது. மொத்தத்தையும் அணைத்துப் போட வேண்டும். இன்டர்நெட்டில் யார் யாரையோ கேட்டாள். ஒருத்தன் அதை மாற்று என்றான், இன்னொருத்தன் இதை மாற்று என்றான், மூன்றாவது ஆள் புதுக் கார்டு வாங்கு என்றான். சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். புதுக் கார்டு மட்டும் வாங்கவில்லை. அதற்குப் படகையே விற்க வேண்டும்.

நடுவில் அண்ணி வந்து உட்கார்ந்துகொண்டாள். "இன்னாடி கௌரி, மிஷினுக்குள்ள மிஷினு செய்றியாமே. இங்க ஒரு மிஷினே ஓடலயே." நான் அவளுக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை. என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

பரீட்சை நாளும் வந்தது. கௌரி லீவு போட்டிருந்தாள். வெளியே மழை கொட்டியது. போனை ஜன்னலில் சாய்த்து வைத்தாள். அதில் கம்பெனிக்காரர் தெரிந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். (புது ஆம்பளை முன்னால் போக எனக்குக் கால் வராது. போனில் தெரிகிற ஆம்பளையும் எனக்கு ஆம்பளைதான்.)

படம் வந்தது, சுற்றியது, நின்றது. இருட்டு. மறுபடி கிளப்பினாள். வந்தது, நின்றது. கௌரி இங்கிலீஷில் ஏதேதோ விளக்கிச் சொன்னாள். அந்த மனுஷன் பெருமூச்சு விட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"உங்க செட்டிங்ஸ்ல எங்கயோ தப்பு பண்ணியிருக்கீங்க. கிராமத்துல இருந்துகிட்டு இந்த வேலை பாக்குறது கொஞ்சம் கஷ்டம்தாம்மா. நீங்க வேற ஏதாவது பாருங்களேன்."

கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பின்கழுத்தைப் பார்த்தேன். ரயில் ஜன்னலில் சாய்ந்து சாய்ந்து அங்கே கறுத்துப்போயிருந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போன் முன்னால் போய் நின்றேன்.

"இன்னா சொல்ற நீ? எம் பொண்ணு சோறு தண்ணி இல்லாம செஞ்சிருக்கா. தப்பு பண்ணிட்டான்றியே, நீ பாத்தியா? கிராமத்துல கீறவ கையி வேல செய்யாதா? அவ மேல ஒரு தப்பும் கெடயாது. அந்தப் பொட்டியில இன்னாவோ கோளாறு கீது. வித்தவன் ஏமாத்திட்டு கீறான். தெறடி கௌரி. தெறந்து காட்டு இவருக்கு. இவரு கண்ணால பாக்கட்டும்."

"மா, நீ போமா."

"தெறடின்னா."

என்னை அந்த மாதிரி அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பயந்துபோய் எல்லாவற்றையும் அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள்.

கூனி கொட்டியது.

கொஞ்ச நஞ்சமில்லை. மூடியோடு ஒரு சரிவாகச் சரிந்து தரையில் விழுந்தது. மீதி உள்ளே ஒயர் இடுக்கில் எல்லாம் மீசையோடு நின்றுகொண்டிருந்தது. கார்டுக்கு அடியில் இருக்கிற காற்றாடி இரண்டும் கூனியில் சிக்கி அசையாமல் கிடந்தன. அதற்குக் காற்றே போகவில்லை. சூடு தாங்காமல் ஒவ்வொரு முறையும் மயங்கி விழுந்திருக்கிறது. கார்டு உள் மிஷினுக்குப் போய்விட்டால் அதன் சூட்டை வெளி மிஷினால் பார்க்க முடியாதாம். அதனால் கௌரி செட்டிங்ஸையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

போனில் அந்த மனுஷன் முகம் பெரிதாகிக் கிட்டே வந்தது.

"அது இன்னாது... இறாலா?" என்றார் கம்பெனிக்காரர். அவரும் எங்கள் பக்கத்து ஆள் போல. அதிர்ச்சியில் பேச்சு மாறிவிட்டது.

"கூனி சார்" என்றாள் கௌரி. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்த வலைத்துண்டைப் பார்த்தார். அதை எடுத்துப் பிரித்து, வலைக் கண்ணியில், அதாவது அதன் ஓட்டையில், இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

"இதுல மடவ மீனே பூந்து போவும். இதுலயா கூனி நிக்கும்? வலக்காரன் பொண்டாட்டி நீ. கண்ணி பாத்துப் போட மாட்டியா?"

ஈரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது, காய்ந்ததும்தான் நழுவியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் அந்த மனுஷன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கூச்சம் அப்போதுதான் ஞாபகம் வந்து, வந்த வேகத்திலேயே கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாமா?" என்று கௌரி கத்தினாள். கத்தட்டும். கத்த வேண்டிய விஷயம்தான்.

கம்பெனிக்காரர் இருமினார். இருமலா சிரிப்பா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம். "சுத்தம் பண்ணிட்டு மத்தியானம் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அம்மாவ வேற எடத்துல உட்கார வைங்க" என்றார்.

கௌரியும் அவள் அப்பாவும் பெயின்ட் பிரஷ்ஷையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தார்கள். என்னைக் கிட்டே சேர்க்கவில்லை. அண்ணி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அதுதான் எனக்குக் கொடுத்த தண்டனை. அவள் காப்பி கொடுத்தாள். சர்க்கரை இல்லை. ஒரு வாய் குடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

மத்தியானம் படம் நிற்கவே இல்லையாம். கம்பெனிக்காரரே போதும் நிறுத்துங்கள் என்று சொல்லும்வரை சுற்றியிருக்கிறது. வேலை கிடைத்தது. மீஞ்சூர் ரயிலை கௌரி அதோடு மறந்துவிட்டாள், கழுத்துக் கறுப்பும் போய்விட்டது. அதற்காக என்னை விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. அந்தக் கம்பெனியில் எவன் மிஷின் நின்றாலும், "மொதல்ல கூனி இருக்கானு பாரு" என்றுதான் சொல்கிறார்களாம். முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் என் கூனி தெரிந்திருக்கிறது.

வீட்டில் இன்னும் மோசம். மழை தூற ஆரம்பித்தால் போதும், என் வீட்டுக்காரர் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "கௌரி, இன்னிக்கு மிஷினு யார் பாடு?" என்று கேட்பார்.

அவளும் திரும்பிப் பார்க்காமல், "என் பாடு நைனா. வருஷம் பூரா என் பாடுதான்" என்பாள்.

நான் ஈரக் கூனி முறத்தோடு வாசற்படியில் நிற்பேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஐப்பசியில் ஊரில் எவளுக்கும் காயாத கூனி எனக்கு மட்டும் காய்ந்தது. பொன்னேரி வியாபாரி ஒரு பிடி அள்ளி மோந்துவிட்டு, எந்த மொட்டை மாடியில் காய வைத்தீர்கள் என்று கேட்டார். அதை இந்த வீட்டில் ஒருத்தரும் சொல்வதில்லை. அண்ணி சொல்லவே மாட்டாள்.

இப்போது கௌரியிடம் இன்னும் பெரிய பெட்டி இருக்கிறது. மேல்பக்கம் முழுக்க ஓட்டை. அவ்வளவு அனலும் சும்மா கூரைக்குப் போகிறது.