சென்னீர்குப்பம் சிக்னலில் ஜெயகுமாரி

மூன்றாவது அபராதமும் ஜோசப்ராஜின் போனுக்கே வந்தது. ஆவடி ஃபேக்டரி கேன்டீனில் பாதித் தோசையை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அதோடு வந்த கேமரா படத்தைத் திறந்தான். சென்னீர்குப்பம் சிக்னல். அவன் பெயரில் பதிவான ஸ்கூட்டர். ஹெல்மெட் இல்லாமல் அதில் உட்கார்ந்திருந்தது அவன் மனைவி ஜெயகுமாரி.

அவள் ஈஸ்டருக்கு மறுநாள் கோபித்துக்கொண்டு அதே ஸ்கூட்டரில் திருவேற்காட்டுக்கு, தம்பி இவான் வீட்டுக்குப் போனவள். சண்டைக்குக் காரணம் மைக். சர்ச்சில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்வது ஜோசப்ராஜ். ஈஸ்டர் ஆராதனையில் ஜெயகுமாரி தனியாகப் பாடியபோது, மேலே போன இடத்தில் குரல் லேசாகப் பிசிறியது. பெண்டாட்டியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் சத்தத்தைக் குறைத்தான். கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டான். கடைசிச் சரணம் முழுக்க சபையார் அவள் வாயசைவதை மட்டும் பார்த்தார்கள்.

அவளே முதலில் பேசட்டும் என்று இவனும், அவரே வந்து கூப்பிடட்டும் என்று அவளும் இருந்ததில் மழைக்காலம் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்தான். குக்கர் விசில் அடிக்கும்போது, "காது கேக்கலையா, அடுப்ப அணைங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வராதா என்று நின்றுகொண்டே இருப்பான். சாதம் குழைந்துபோகும்.

அப்போதுதான் இந்தப் படங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பான். இளைத்துவிட்டாளா, இல்லை, படம் அப்படியா என்று யோசிப்பான். அபராதத்தை மட்டும் கட்டவில்லை. கட்டினால் படத்தை எடுத்துவிடுவார்களோ என்று ஒரு பயம்.

விஷயம் தெரிந்ததும், பக்கத்து மெஷினில் வேலை செய்யும் திருமுருகன் ஒரு வழி சொன்னான்.

"கோர்ட்டுக்கு எடுத்துக்கினு போ மச்சான். ஓட்னது நான் இல்லன்னு சொல்லு. ஓட்னவங்களக் கூப்புடுவாங்க. தங்கச்சி வந்துதான ஆவணும்?"

இத்தனை மாதத்தில் ஜோசப்ராஜுக்கு இதைவிட நல்ல யோசனையை யாரும் சொன்னதில்லை. அன்றைக்கே போனில் ஆட்சேபம் பதிவு செய்தான். வண்டி உங்களிடம் இருக்கிறதா என்று போன் கேட்டது, இல்லை என்றான். ஏன் இல்லை, விற்றுவிட்டீர்களா, திருடுபோனதா என்று கேட்டது. விற்கவில்லை. அதனால் மிச்சமிருந்ததை அழுத்தினான்.

அந்த வாரமே ஜெயகுமாரியை அதே சிக்னலில் மடக்கினார்கள். அவள் பூந்தமல்லியில் பள்ளிக்கூட டீச்சர். அவள் வகுப்புப் பிள்ளைகள் ஸ்கூல் வேனின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க, போலீஸ்காரர்கள் நடுவில் நின்றாள். ஸ்கூட்டர் ஸ்டேஷனுக்குப் போனது. இவான் போனில் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

"அக்காவத் திருடின்னு எழுதிக் குடுத்துட்டீங்களே மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஜோசப்ராஜ் ஸ்டேஷனுக்கு ஓடினான். அவள் திருடியில்லை, என் மனைவி என்றான். அப்படியானால் பொய்ப் புகார் கொடுத்தது நீங்கள்தானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எதுவானாலும் ஜட்ஜ் அம்மாவிடம் சொல்லுங்கள், இரண்டு பேரும் கோர்ட்டுக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

விசாரணைக்கு, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். பூந்தமல்லி கோர்ட்டில் ஜெயகுமாரி இவானோடு எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இளைத்துத்தான் போயிருந்தாள்.

ஜட்ஜ் அம்மா படத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டார். மனைவி என்று சொன்னால் குற்றம் அவள் தலையில் விழும். ஏற்கெனவே திருடிப் பட்டம் வேறு. ஜோசப்ராஜ் ஒரு முடிவுக்கு வந்தான்.

"இது என் மனைவி இல்லம்மா. அவ ஹெல்மெட் இல்லாம முனைக்கடைக்குக்கூட போகமாட்டா."

ஜட்ஜ் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்ப உங்க வண்டியில போற இந்த லேடி யாரு?"

வக்கீல்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. ஜெயகுமாரி அப்போதுதான் முதல் தடவையாக அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை மாதமும் ஏங்கிக் கிடந்தான். ஆனால் அது இப்படி வந்திருக்க வேண்டாம்.

அதற்குமேல் அவனால் சமாளிக்க முடியவில்லை. அவள்தான் என்று ஒப்புக்கொண்டான். திருடுபோனதாகச் சொன்னது தன் முட்டாள்தனம் என்றான். அவள் இங்கே வந்தால் ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான் வழக்கே போட்டேன் என்றான்.

"எல்லா ஃபைனையும் கட்டிடறேம்மா. படத்த மட்டும் எடுத்துடாதீங்க."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஜெயகுமாரி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஜட்ஜ் அம்மா, வண்டியை மடக்கிய சிக்னல் காவலர் ஷோபனாவைக் கூப்பிட்டு, இந்தம்மா எப்போதுமே ஹெல்மெட் இல்லாமல்தான் வருவாரா என்று கேட்டார். ஷோபனா தயங்கினாள். சுவரோரம் ஜெயகுமாரி வேண்டாம் என்பதுபோல அவசரமாகத் தலையாட்டினாள்.

"இல்லம்மா, ஹெல்மெட் போட்டுக்கினுதான் வருவாங்க" என்றாள் ஷோபனா. "எப்பனா ஒரு நாள் கேமரா கிட்ட வந்ததும் கழட்டி, முடிய சரி பண்ணிக்கினு, மேலயே பாத்துக்கினு நிப்பாங்க, படம் புடிச்சதும் மறுபடி மாட்டிக்கினு போய்டுவாங்க."