இரண்டு கையும் கயிற்றில்

கயிறிழுத்தல் இறுதிப்போட்டியின் நடுவில் என் கில்ட் அவிழ்ந்தது.

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க.

நான் போட்டிக்குப் போனவன் அல்ல. பக்கத்து வீட்டு கோர்டனின் கார் பழுதாகிக் கராஜில். அவனையும் அவனுடைய ஐஸ்பெட்டியையும் ஸ்கொட்லாந்துக்காரரின் வருடாந்த விளையாட்டு விழாவில் இறக்கிவிட வேண்டும். பிறகு புவாண்ட்-கிளேர் தமிழ்க்கடையில் கத்தரிக்காய் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

மனுசி பரமேஸ்வரியைக் காரில் இருக்கச் சொன்னேன். "பத்து நிமிசம்."

"உங்கட பத்து நிமிசம் எனக்குத் தெரியும்" என்றாள்.

பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினால் கோர்டன் கையைப் பிடித்தான். அவனுடைய அணியில் ஒருவருக்கு முதுகு பிடித்துவிட்டதாம். எட்டுப் பேர் இல்லாவிட்டால் அணி வெளியே. இத்தனை வருசத்தில் இப்போதுதான் முதல் தடவையாக இறுதிக்கு வந்திருக்கிறார்கள்.

"சிவா, நீ சும்மா கடைசியில் நின்றால் போதும்."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். போன மாசியில் என் வாசல் பனியை எல்லாம் தள்ளியவன் இவன்.

மூடினேன்.

"ஆனால் கில்ட் கட்ட வேண்டும். அதுதான் விதி."

முதுகு பிடித்தவரின் கில்ட்டைக் கழற்றித் தந்தார்கள். பாவம், மனிதர் துவாயோடு கதிரையில் இருந்தார். கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை. நல்ல கனம். இடுப்பில் தோல்பட்டி, கொளுக்கி. கோர்டன் பூட்டிவிட வந்தான்.

"தள்ளு. அறுபது வருசமாச் சாரம் கட்டுறன். எனக்குக் காட்டாதே."

"சிவா, இது நீ வாசலில் உடுத்திக்கொண்டு நிற்கிறது இல்லை."

"துணிதானே!"

பட்டியை உள்ளே தள்ளினேன். இடப்பக்கம் ஒரு இழுவை, வலப்பக்கம் ஒரு சுற்று, முறுக்கிச் செருகினேன். முழங்காலுக்கு மேல் மடித்தும் கட்டினேன். வேலைக்கு இறங்கும்போது மடித்துக் கட்டாதவன் மனிதனா?

உள்ளே என்ன என்று கேட்கவேண்டாம். இருந்தது. நீலக் கோடு போட்டது.

எதிரே லொங்குய்யிலிருந்து வந்த எட்டுப் பொடியள். ஒவ்வொருத்தனும் ஃபிரிட்ஜ் மாதிரி.

விசில். இழு!

பருத்தி பிடிக்கிற மாதிரிக் கம்பளி பிடிக்காது. இது எனக்கு இரண்டாவது இழுவையில் தெரிந்தது. முதலில் மடிப்பு இறங்கியது. பிறகு செருகல் கழன்றது. பிறகு எல்லாமே இறங்கத் தொடங்கியது.

முழங்கையால் அமத்தினேன். வயிற்றை உப்பினேன். என் வயிறே தடுக்கவில்லை என்றால் பாருங்கள்!

"கோர்டன்! கழருது!"

"கயிறை விடாதே சிவா!"

"கயிறு இல்லையடா!"

கையை எடுத்தால் கோப்பை போகும். எடுக்காவிட்டால் மானம் போகும். பக்கத்தில் பைப் வாத்தியம் வேறு, ஊர்வலம் புறப்படுகிற மாதிரி.

முழங்கால் வரை வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். தன் கண்ணைப் பொத்தவில்லை.

அப்போதுதான் கேட்டது.

"இஞ்சேருங்கோ! என்ன கோலம் இது!"

மனுசி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே மைதானத்துக்குள் வாறாள். நடுவர் "மதாம்! மதாம்!" என்று ஓடிவந்தார்.

"கொஞ்சம் பொறும் தம்பி" என்றாள் தமிழில்.

அவர் பொறுத்தார்.

எனக்குப் பின்னால் குந்தினாள். தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊசி கொழுவி வைத்திருப்பாள். கில்ட்டை இழுத்து ஏற்றி ஒன்றைக் குத்தினாள். இரண்டாவது என் சதையில்.

"ஐயோ!"

"ஆடாதேங்கோ! ஆடினா இன்னும் குத்தும்."

"இழுக்கிறனப்பா!"

"கிழிச்சீங்கள். கத்தரிக்காய்க் கடை பூட்டப்போறான்."

மூன்றாவது ஊசி அவள் பல்லுக்கிடையில். லொங்குய் பொடியள் இதைப் பார்த்துவிட்டார்கள். முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு எட்டுப் பேரும். சிரிக்கிறவனால் கயிறு இழுக்க முடியாது. ஒரே இழுவை. மூட்டை மாதிரி வந்து விழுந்தார்கள்.

நடுவரும் சிரித்துக்கொண்டேதான் விசில் ஊதினார். கோர்டன் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். எழுபது வயது மனிதன்!

நான் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி யாரை நம்புவது?

வெற்றிப் பத்திரத்தில் எழுத நடுவர் பெயர்களைக் கேட்டார். கோர்டன் ஏழு பெயர் சொன்னான். எட்டாவது யார் என்றார். நான் தொண்டையைச் செருமினேன்.

கோர்டன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பரமேஸ்வரி" என்றான்.