செம்பனை மேடையில் நின்றுபோன சாச்சா

ஈஜோக்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய நடன ஆசிரியர் ரெய்மண்ட் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் முழங்கால்களும் நலமாயிருக்க விழைகிறேன். முதலில் ஒரு திருத்தம். செம்பனைக் குலை ஏற்றும் மேடையில் நான் தினமும் தனியாக ஆடுகிறேன் என்று இங்கே ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். நாங்கள் மூன்று பேர் ஆடுகிறோம்.

என் தங்கை மகள் பிரமிளாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். என் கணவர் சில்வெஸ்டர் மறைந்து ஆறு வருடமாக எந்த விருந்திலும் என்னை யாரும் ஆடக் கூப்பிட்டதில்லை. நிச்சயத்தன்று, ராசா என்ற ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை, "ஆட்டமெல்லாம் சின்னவங்களுக்கு லா. வயசானவங்களுக்குச் சோத்து மேசைப் பக்கமா நாற்காலி போட்டுடுங்க" என்றார். எழுபத்து மூன்று வயதில் நாற்காலியில் அடங்குவதாக நான் இல்லை. அன்றே தங்களுடைய சாச்சா நடனப் பாடங்கள் பத்தையும் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, இணையத்தில் ஓடும்போது பார்க்கலாமே தவிர, கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள முடியாதாம். என் வீட்டில் இணைய லைன் கிடையாது, மேடையில்தான் கிடைக்கும். சமையல் புத்தகம் வாங்கியவள் ஒவ்வொரு குழம்புக்கும் கடைக்குப் போய்த்தான் படிக்க வேண்டுமா? கான்வென்டில் எங்களுக்கு இந்த நியாயத்தைச் சொல்லித்தரவில்லை.

உங்கள் அலுவலகப் பெண் விஷாலினியிடம் கேட்டேன். "டவுன்லோட் கெடையாது ஆன்ட்டி. கோப்பி பண்ணி எல்லாருக்கும் குடுத்துருவாங்க" என்கிறாள். நானா கொடுப்பேன்? பக்கத்து வீட்டு பெர்னடெட்டும் எதிர்வீட்டு கங்காவும் என் கைப்பேசியிலேதான் பார்க்கிறார்கள்.

மேடையிலும் லைன் ஒழுங்கில்லை. நான்காம் பாடத்தில் நீங்கள் இடது காலைத் தூக்கியதும் படம் நின்றுவிடுகிறது. இவர்களும் தூக்கிய காலோடு நிற்கிறார்கள். "லைன் போயிடுச்சு, கால எறக்குங்கடி" என்றால், பெர்னடெட், "சும்மா இருங்கக்கா, மாஸ்டரே இன்னும் எறக்கல" என்கிறாள். குலை ஏற்ற வந்த தேவன், "ஆன்ட்டி, மூணு பேரும் கொக்கு மாதிரி நின்னா நான் லோரிய எங்க நிப்பாட்டறது?" என்று ஹார்ன் அடிக்கிறான். மூன்று வாரப் பழக்கத்தில் இப்போது என் காலும் தானாக நின்றுவிடுகிறது. லைன் போகாமல் பாட்டு ஓடினாலும், அந்த இடம் வந்ததும் நாங்கள் நிற்கிறோம். கல்யாண மண்டபத்தில் இப்படி நின்றால் ராசா அத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்துவிடுவார்.

ஆகவே, வீட்டில் வைத்துப் பழகி இந்தக் கால்களைத் திருத்திக்கொள்ள, பாடக் கோப்புகளை உடனே அனுப்பி வையுங்கள். ஆண்டவர் தங்கள் கால்களையும் எங்கள் லைனையும் காப்பாராக.

இப்படிக்கு,
திருமதி அகதா சில்வெஸ்டர்

பி.கு.: ஒத்திகை அவசரத்தில் இதைத் தபாலில் போட மறந்துவிட்டேன். இன்று ஞாயிறு. நேற்று மண்டபத்தில் பாட்டு ஓட, நாங்கள் மூவரும் காலைத் தூக்கி நின்றோம். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இறக்கியதும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அடுத்த பாட்டுக்கு மணமக்களே எங்கள் பின்னால் ஒற்றைக் காலில் நின்றார்கள். ராசா அத்தை என் கையைப் பிடித்து, "அக்கா, அந்த நிக்கிற ஸ்டெப்ப எனக்கும் காட்டுங்க லா" என்றார். ஊருக்குத் திரும்பாமல் நாளை முதல் அவரும் மேடைக்கு வருகிறார். ஆகவே பாடக் கோப்புகளை அனுப்பிவிடாதீர்கள். நிற்காமல் ஓடித் தொலைக்கும். ஐந்தாம் பாடம் எந்த இடத்தில் நிற்கும் என்பதை மட்டும் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.