பாக்காதே அண்ணனும் டீசல் டிரம்மும்

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே சாவுக்கு அதிகமாகப் பயந்த மனிதர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். அவருடைய தொழில் வெல்டிங்.

சபையில் ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது யாருக்கும் ஞாபகமில்லை. பொறி பறக்குமுன் நாகர்கோவில் பாதிக்குக் கேட்கிறாற்போல "பாக்காத, பாக்காத" என்று சத்தம் போடுவார். வெறுங்கண்ணால் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும், உறக்கம் வராது என்பார். ஆகவே பாக்காதே அண்ணன்.

வளைகுடாவில் கப்பல் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு, ஊர் திரும்பும்போது ஒரு மிஷினோடு வந்தார். சூட்கேஸ் அளவுதான் இருக்கும், கையிலேயே தூக்கிப்போகலாம். மற்ற வெல்டர்கள் குச்சி வைத்து ஒட்டுவார்கள். இதில் உள்ளே இருக்கும் சுருளிலிருந்து கம்பி தானாக வெளியே வரும். துப்பாக்கிபோல அமுக்கினால் போதும். இதென்ன பிரமாதம், நானே ஒட்டுவேனே என்று பார்க்கிறவனுக்கெல்லாம் தோன்றும். வினையே அங்கேதான் இருந்தது.

அவரிடம் ஒரு கேட்டைக் கொண்டுபோனால் முதலில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்ப்பார். அப்புறம் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் சேலையை எடுக்கச் சொல்வார். கோழிகளை விரட்டுவார். வாளியில் தண்ணீரும் மணலும் கொண்டுவந்து வைப்பார். தோல் கையுறை, தோல் ஏப்ரன், முகமூடி எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் கேட்டின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். ஒட்டுகிற வேலை இரண்டு நிமிஷம்.

தரை ஈரமாக இருந்தால் மிஷினைத் தொடமாட்டார். எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஒரு கல்யாண வீட்டில் புதுக் கட்டிலின் கால் விட்டுப்போனது. வெளியே தூறல். மணமகனின் தகப்பனார் கெஞ்சிப் பார்த்தார். "ஒரு ராத்திரி தரையில கிடந்தா ஒண்ணும் ஆவாது, கரண்டு அடிச்சா எழும்ப முடியாது கேட்டியளா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஈரக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் உள்ளே சிக்கிக்கொள்ளும். அதனால் வீட்டில் மூடி இறுக்கமாக இருந்த ஒரே அரிசி டின்னைக் கம்பிச் சுருளுக்கு எடுத்துக்கொண்டார். அரிசி சாக்கில் கிடந்து வண்டு பிடித்தது. சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துப்பாக்கியின் முனையில் ஒட்டிய உலோகத் துளிகளைப் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல எடுப்பார். "எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட இப்பிடிப் பாக்கமாட்டாரு" என்று அவர் மனைவி லீலா அக்கா என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாள். தெருவும் சிரித்தது. போகப்போக அந்தச் சிரிப்பு அக்காவுக்குக் கசந்தது.

எங்கள் தெருவில் ஒரு லாரிக்காரர் உண்டு. டீசல் இருந்த பழைய டிரம் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியாக்கக் கொண்டுவந்தார். கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தால்தான் தொடுவேன் என்றார் அண்ணன். காலி டிரம்முக்கு என்ன பயம் என்று லாரிக்காரர் கேட்டார். காலியாக இருப்பதற்குத்தான் பயம், உள்ளே டீசல் ஆவி நிற்கும் என்று அண்ணன் விளக்கிப் பார்த்தார். லாரிக்காரர் தெருவே கேட்க, "பொம்பளைக்கு இருக்க தைரியம் உனக்கு இல்லியேவே" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்ற அக்கா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அண்ணன் கம்பி வாங்கத் திருவனந்தபுரம் போனார். எனக்கும் அங்கே வேலை இருந்ததால் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருமுனையில் கூட்டம்.

லாரிக்காரர் மிஷினைக் கேட்டு வந்திருக்கிறார். ஒரு நாளாவது நாலுபேர் தன் புருஷனை நல்லவன் என்று சொல்லட்டுமே என்று அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டாள். லாரிக்காரரின் தங்கை மகன் அமுக்கியிருக்கிறான். டிரம் வெடித்து, அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. வலதுகை கரிந்துவிட்டது. தரையெல்லாம் கண்ணாடிச் சில். எங்கள் வீட்டு ஜன்னலும் அதில் உண்டு.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். மிஷினை யார் கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நாந்தான் சார், காலைல பஸ்ஸுக்குப் போறதுக்கு முந்தி குடுத்தேன்" என்றார் அண்ணன்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பக்கத்தில் நின்ற லாரிக்காரருக்கு உண்மை தெரியும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவ குடுத்தான்னு தெரிஞ்சா இந்தத் தெரு அவள உயிரோட விடுமா? என்னப் பாத்துச் சிரிச்சுப் பழகுன சனம். கூடக் கொஞ்சம் ஏசட்டும்."

ஏசினார்கள். ஊரிலேயே சூதானமான மனிதருக்கு, சூதானமில்லாமல் ஒரு பையனின் கண்ணைக் கெடுத்தவன் என்ற பெயர் நிலைத்தது. பொறுக்கமுடியாமல் அக்கா ஒரு நாள் சபையில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து, கொடுத்தது நான்தான் என்று அழுதாள். யாரும் நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், பாவம் என்றார்கள். லாரிக்காரர் வீட்டம்மா அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளாம்.

மிஷின் ஸ்டேஷன் பின்புறம், அடிபட்ட பைக்குகளுக்கு நடுவே மழையில் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டாவது போட்டு மூடட்டுமா என்று அண்ணன் போய்க் கேட்டார். "கேஸ் சாமானுக்குக் குடை பிடிக்கணுமோ?" என்று ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். அது திரும்பக் கைக்கு வந்தபோது கம்பியைத் தள்ளும் உருளைகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. யாரும் வேலைக்குக் கூப்பிடவுமில்லை. இப்போது கொல்லம் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் கூலிக்கு நிற்கிறார். கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் வருவார்.

போன மாதம் எங்கள் வீட்டுக் கேட்டின் கீல் விட்டுப்போனது. கூப்பிட்டால் ஓடிவர ஊரில் எத்தனையோ வெல்டர்கள் இருக்கிறார்கள், மிஷினும் வாடகைக்குக் கிடைக்கும். நான் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறேன். தெருநாய்கள் உள்ளே வருகின்றன என்று மனைவி தினமும் திட்டுகிறாள். வரட்டும். கிறிஸ்துமஸ் ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை.