அக்காவுக்கு, உப்பு விஷயமாக

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். மானம் ஒன்றுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. என்னுடையது.

முதலில் உன்மேல் ஒரு வருத்தம். இந்த இரண்டாம் கல்யாணத்தைப் பேசி முடிக்கும்போது பெண்வீட்டில் நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "என் தம்பிக்கு நாக்கு பேசறதுக்கு மட்டுந்தான். எதைப் போட்டாலும் மூச்சு விடாம சாப்பிடுவான்" என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

உன் தம்பிப்பெண்டாட்டியின் முதல் கணவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததாம். அதனால் அந்த வீட்டுச் சமையலில் உப்பே கிடையாது. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். உப்பு மட்டும் திரும்பி வரவில்லை. முதல் நாள் முதல் கவளத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவளோ கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "எப்படிங்க இருக்கு?" என்றாள். "அமிர்தம்" என்றேன். வேறென்ன சொல்ல? உன் வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா?

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். பிள்ளைகளைத் திருத்தப் புறப்பட்டேன். அவள் மகள் இருக்கிறாளே, அந்தப் பெரிய மனுஷி, என்னிடம் கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். அவள் தட்டில் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. முட்டையில் கீரை பட்டால் இரண்டுமே தள்ளுபடி. என் பயலை உனக்குத் தெரியும், நீ கொக்கு என்று பெயர் வைத்ததே அதற்காகத்தானே. வெள்ளையாக இருப்பதைத் தவிர எதையும் தொடமாட்டான். சோறு, பால், முட்டையில் வெள்ளை, ஓரம் கிள்ளிய ரொட்டி. இதில் அவளை அவன் 'ஏய்' என்பான், அவனை அவள் 'இந்தாப்பா' என்பாள். இந்த இரண்டையும் ஒரு மேசையில் உட்கார வைத்து, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி முறையிலேயே சொல்லிக்கொடுத்தேன். காயைப் பார்ப்பது நியூட்ரல், முகர்வது ஃபர்ஸ்ட் கியர், நாக்கில் வைப்பது செகண்ட், மெல்வது தேர்டு, விழுங்கினால் டாப். "போட்டதை மிச்சம் வைக்கிற பழக்கம் இந்த வீட்டுல கிடையாது" என்று சட்டமும் போட்டேன். கத்திரிக்காயைக் கண்டதும் கொக்கு நியூட்ரலிலேயே நின்றான். பெரிய மனுஷி முகர்ந்து பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தாள்.

சட்டம் போட்டவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்கிறாயா? அக்கா, எழுதவே கை கூசுகிறது. அவள் விடியலில் எழுந்து கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாட்டை நான் ஒரு நாளும் தின்றதில்லை. ஒரு முடிதிருத்துகிறவர் என்னிடம் கார் பழக வந்தார். அவருக்கும் பிரஷர், உப்பு ஆகாது. டப்பாவை அவரிடம் தள்ளிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து கடை ஆம்லெட்டை முழுங்குவேன். சாயந்திரம் காலி டப்பாவை நீட்டுவேன். அவள் அதைத் திறந்து பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன். மனிதர் லைசென்ஸ் வாங்கின பிறகும் "பார்க்கிங் இன்னும் சரியா வரல சார்" என்று மதிய நேரமாகப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

போன விடுமுறை நாளில் மத்தியானம், நான் பிள்ளைகள் இருவரையும் நிற்க வைத்து, அம்மாவின் உழைப்பை மதிப்பது எப்படி என்று பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறேன். வாசலில் மணி. முடிதிருத்துகிறவர், கையில் ஒரு கூடைப் பழத்தோடு. நேரே உள்ளே வந்து, "அம்மா, நீங்க நல்லா இருக்கணும். டாக்டர் மருந்தைக் குறைச்சுட்டாரு. தினமும் சாருக்குக் கட்டித் தர்றதை நாந்தான் சாப்பிடறேன். சாருக்குத்தான் இறங்க மாட்டேங்குது, பாவம்" என்றார். பூமி பிளக்கும் என்று பார்த்தேன், பிளக்கவில்லை. அவள் பழத்தை வாங்கி வைத்துவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரிய மனுஷிதான் என்னை நிதானமாகப் பார்த்தாள். "நீங்க நியூட்ரல்லயேதான் இருந்தீங்களா சார்?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் சமைக்கிறாள், போடுகிறாள். "எப்படிங்க இருக்கு?" என்று மட்டும் கேட்பதில்லை. வெட்கமாக இருக்கிறது, அக்கா. அந்தக் கேள்வியை அவள் இனிமேல் கேட்கவே மாட்டாளோ என்று பயமாகவும் இருக்கிறது. நீ உடனே புறப்பட்டு வந்து, சின்ன வயதில் எனக்கு ஏதோ காய்ச்சல் வந்து நாக்கு செத்துப்போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போ. பொய்க்கு மேல் பொய்தான், தெரிகிறது. என் வாயால் சொன்னால் இந்த வீட்டில் கொக்குகூட நம்பமாட்டான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அதைக் கொடுக்கும் யோக்கியதை எனக்கு மிச்சமிருந்தால்.

தலைகுனிந்த
உன் தம்பி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். தபால்தலை தேடப் போன நேரத்தில் அவள் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். "எனக்கும் இறங்கலைங்க. நான் வேலை பாக்கிற சலவைக்கடையில பக்கத்து அக்கா டப்பாவுலதான் ரெண்டு வாய் வாங்கித் தின்பேன். உப்பு போட்டா அவரு இல்லைன்னு நானே சொல்ற மாதிரி இருந்துச்சு. பொண்ணு வேற ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டாளா, அவளுக்கு அதுதான் பிடிக்கும்னு நெனச்சுட்டேன்" என்றாள். சாப்பிட உட்கார்ந்திருந்த பெரிய மனுஷி எழுந்து போய்ப் பென்சில் டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் உப்பு. "உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா சொல்லல. ஒண்ணு மேல ஒண்ணு பட்டுட்டா உப்பு போட்ட பக்கம் எதுன்னு தெரியாமப் போயிடும்ல?" என்று அதை மேசை நடுவில் வைத்தாள். முடிதிருத்துகிறவருக்கு இனி உப்பில்லாமல் தனி டப்பா. பெரிய மனுஷி என்னை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறாள், கூப்பிடட்டும். பொட்டலத்தை முதலில் என் பக்கம்தான் தள்ளினாள். அவள் அம்மா கரண்டியோடு நின்று, "எப்படிங்க இருக்கு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் நம்ம கொக்கு பொட்டலத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தானே இருக்கு, எனக்கும் கொஞ்சம் போடுக்கா" என்று தட்டை நீட்டினான். அந்தத் தட்டில் கத்திரிக்காய் இருந்தது. அவளை அக்கா என்று கூப்பிட்டான், அக்கா.