தறியோடு கட்டிய ஏணை

ஒற்றைத் தறியில் கூலிக்கு நெய்தவன், இன்று பன்னிரண்டு தறிக்குச் சொந்தக்காரன். சின்ன காஞ்சிபுரத்தில் மாடி வீடு கட்டினேன். தண்ணீரே வராது என்று எல்லோரும் கைவிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் கண்டேன். படித்தது மூன்றாம் வகுப்பு. மகளைப் படிக்க வைத்தது எம்.காம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் என் கதையைப் பேத்தியைத் தூங்க வைத்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

குழந்தைக்காக வேலையை விட்ட என் மகள் கவிதா ஏழு இடத்தில் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒரே ஒரு இடத்திலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே பேச வேண்டும். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. என் மனைவி திருப்புட்குழிக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டாள். ஒன்றரை வயது மிதுலா என் பொறுப்பு.

"எல்லாத்தையும் இதுல எழுதி வெச்சிருக்கேன், படிச்சுடு நைனா. பாப்பா அழுற சத்தம் மேல கேட்டா என் வேலை அவ்ளோதான்" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"உன்னையே வளர்த்தவன்மா நான். எனக்கே பாடமா?"

(வளர்த்தது அவள் அம்மா. நான் அப்போது தறிக்குழியை விட்டே ஏறியதில்லை.)

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். மாடிக் கதவு சாத்தியதும் மிதுலா உதட்டைப் பிதுக்கினாள். குதிரையானேன். காக்கையாய்க் கத்தினேன். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி ராஜாவானேன். ஒவ்வொரு வித்தைக்கும் அவள் குரல் ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் யோசனை வந்தது. (இப்படிப்பட்ட யோசனைகளால்தான் பன்னிரண்டு தறி வந்தது.) நெசவுக்காரன் வீட்டுக் குழந்தைக்குத் தறிச் சத்தம்தானே தாலாட்டு? மற்ற தறிகள் நெசவாளர் வீடுகளில்; எங்கள் வீட்டுக் கீழே இருந்த ஒரே தறியில் கல்யாணச் சேலை இருந்தது. நெய்கிற கோதண்டம் உடல் பகுதியை முடித்துவிட்டு, முந்திக்கான டிசைன் அட்டை வாங்க ஐயம்பேட்டை போயிருந்தான். "இனிமே முந்திதான். யாரும் கை வெச்சிடாதீங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். யாரும் என்றால், நானுமா?

உத்தரத்தில் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டேன். ஏணையிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து, நூலை அடித்து நெருக்கும் பலகையோடு முடிந்தேன். உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தேன். ஒரு அடிக்கு ஒரு ஆட்டம். பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டாள்! பெருமையோடு கையை எடுத்தேன். கண்ணைத் திறந்தாள். மறுபடி அடித்தேன், மூடினாள். நிறுத்தினால் திறப்பாள்.

அப்புறம் நான் நிறுத்தவே இல்லை. பத்து வருடமாகத் தறியில் உட்காராத கால் மரத்துப் போனது. மூக்கின் மேல் ஒரு ஈ. ஓட்டலாமா? ஓட்டினால் மகள் வேலை போய்விடும்.

பன்னிரண்டு மணிக்குக் கோதண்டம் வந்தான்.

"மொதலாளி! இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"கத்தாதடா, குழந்தை எழுந்துக்கும்."

"ஒரு முழம் சேர்த்து நெய்ஞ்சிட்டீங்களே! இத்த கட்டிக்கப் போறது பொண்ணா, கோயில் தேரா?"

பின்னாலேயே கவிதா இறங்கி வந்தாள்.

"ஏன் நைனா, பாப்பா அழுதா ரெண்டு நிமிஷம். நீ ரெண்டு மணி நேரம் டடக்கு டடக்குன்னு..."

"அவங்க இன்னா சொன்னாங்கம்மா?"

"இன்னா சத்தம்னு கேட்டாங்க. எங்கப்பா என் பாப்பாவத் தூங்க வெக்கிறாருன்னேன். சிரிச்சிட்டாங்க. இந்தச் சத்தத்துலயே யோசிச்சுப் பதில் சொல்றீங்களே, எங்க ஆபீஸ் சத்தமெல்லாம் உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னாங்க."

அடுத்த வாரமே வேலை உத்தரவு வந்தது.

இன்டர்வியூ நடந்த அன்று சாயங்காலமே, காதுகுத்திலிருந்து திரும்பிய என் மனைவி என் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள்: "அழுதால் என் பழைய துப்பட்டாவைக் கையில் கொடுக்கவும். தூங்கிவிடுவாள்."

"மொத வரியே இதாங்க! துப்பட்டா கொடியிலயே தொங்கிக்கினு இருக்குது!"

ஆகவே, சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் பெரியவர்களே, தாய் எழுதிக் கொடுத்ததை முதலில் படியுங்கள். நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான்.

அதிகமாக வந்த முழத்தை வெட்டி, இரண்டு பக்கக் கரையையும் கத்தரித்துக் கீழ்விளிம்பில் ஒட்டுப் போட்டு, மிதுலாவின் பிறந்த நாளுக்குப் பாவாடை தைத்தார்கள். அதற்குத் 'தூங்குமூஞ்சிப் பாவாடை' என்று பேர். யார் கேட்டாலும் தையல்காரரைப் புகழ்கிறார்கள். வேலை கிடைத்தது கவிதாவின் கெட்டிக்காரத்தனமாம்.

எழுதிக்கொள்ளுங்கள்: பாவாடையை நெய்தது நான். அந்தச் சத்தத்தைப் போட்டு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான். தறியில் ஒரு தடவை ஏற்றும் பாவு நூலில் இரண்டு மூன்று சேலை வரும்; அதே பாவில் அடுத்த சேலை ஒரு முழம் குறைந்து வந்ததே, அதை வேண்டுமானால் கோதண்டம் பேரில் எழுதிக்கொள்ளலாம்.